மாடிக்கு ஒருவர்

கட்டியவர்கள் அதற்கு டவுன்ஹவுஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். டிரைவருக்கு அந்தப் பெயரில் நம்பிக்கை இல்லை. "படுக்க வேண்டிய வீட்டைத் தூக்கி நிமிர்த்தி வச்சிருக்கானுங்க," என்றார், பார்க்கப் போன முதல் நாளே.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில் நடுவில் பிதுங்கிக்கொண்டு நின்றது அது. கீழே ஒரு கூடமும் சமையலறையும். நடு மாடியில் பிள்ளைகளுக்கு இரண்டு குட்டி அறைகள். மேல்மாடியில் படுக்கையறையும் குளியலறையும். மூன்றையும் கோத்துக்கொண்டு ஒரு படிக்கட்டு. ஒருவர் ஏறினால் இறங்குகிறவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். திருப்பத்தில் படிகள் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் கால் விரல்கூட ஊன்ற முடியாதபடி குறுகியும் கிடந்தன. வாழ்நாளெல்லாம் கண்டெய்னர் லாரி ஓட்டிய மனிதர் அந்தத் திருப்பத்தில் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தத் திருப்பம் சரியில்லை, டெய்லரம்மா."

மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த வரிசை முழுக்க அவள் டெய்லரம்மா ஆகிவிட்டாள். அந்த வீட்டை வாங்கியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளும் அவள்தான். அதற்கு முன் இருந்த அடுக்குமாடி வீட்டில் தலைக்கு மேல் யாராவது எந்நேரமும் நாற்காலி இழுத்துக்கொண்டிருப்பார்கள். தனக்கென்று ஒரு வாசல் வேண்டும், தன் தலைக்கு மேல் தன் வீட்டு ஆட்களே நடக்க வேண்டும், துணி உலர்த்தப் பின்னால் கையகல இடம் வேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது. இது பேராசை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வாங்கிக் குடி வந்த பிறகும் இருவரும் வக்கீல்கள்போல வாதாடிக்கொண்டே இருந்தார்கள். நடு வீடு என்பதால் குளிர் அண்டாது என்பாள் அவள். நடு வீடு என்பதால் வெளிச்சமும் அண்டாது என்பார் அவர். பக்கத்து வீட்டு மனிதர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார், ஆபத்துக்கு உதவுவார் என்பாள். கூப்பிடவே வேண்டாம், அவர் தும்மினால் இங்கிருந்தே 'ஆயுசு நூறு' என்று சொல்லிவிடலாம் என்பார். படி ஏறி இறங்கினால் உடம்புக்கு நல்லது என்று அவள் சொல்லும்போது மட்டும் அவர் பதில் சொல்ல மாட்டார். மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

வழக்கு அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். பக்கவாதம் வந்து நடுவில் புகுந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை மேல்மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். அங்கேதான் குளியலறை இருந்தது. கீழே படிக்கட்டுக்கு அடியில் ஒரு கழிவறை உண்டு, தலையைக் குனிந்துகொண்டு நுழைய வேண்டும், சக்கர நாற்காலி அதன் வாசலைக்கூடத் தொடாது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போய், பிறகு கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வந்ததும் ஒழுங்காக வரவில்லை. லாரியில் சரக்கு மாற்றி ஏற்றியதுபோல வார்த்தைகள் இடம் மாறிக் கிடந்தன.

முதல் வாரம் அவள் சூப் எடுத்துக்கொண்டு மேலே போனாள். கதவருகே அவளைப் பார்த்ததும் அவர் சொன்னார்: "போ."

அவள் திகைத்து நின்றாள். "என்னங்க?"

"போ. போ."

கிண்ணத்தை வைத்துவிட்டு இறங்கி வந்து, படிக்கட்டுக்கு அடியில் இருந்த கழிவறைக்குள் தாழிட்டுக்கொண்டு அழுதாள். கீழே தாழ்ப்பாள் உள்ள அறை அது ஒன்றுதான். இந்த வீட்டை வாங்க வைத்தவள் என்று கோபம், அதனால்தான் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்று நினைத்தாள். மறுநாளும் அதே வார்த்தைதான். மனம் கேட்காமல் அதற்கடுத்த நாளும் போனாள். "போ" என்றதும் திரும்பினாள். அவர் இடது கையால் அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு "போ, போ" என்று அழுதார். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்றைக்கு வீட்டில் கல்யாண வீட்டுக் கலகலப்பு. மகனிடம் சொன்னாள், தொலைவில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள், தங்கிப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நர்ஸம்மாவை நிறுத்தி வைத்துச் சொன்னாள். "நல்லா மனசுல வச்சுக்குங்க. அவரு 'போ'ன்னா 'வா'ன்னு அர்த்தம். 'வா'ன்னா 'போ'ன்னு அர்த்தம். மாத்திப் புரிஞ்சுக்கிட்டு அவரைக் கஷ்டப்படுத்தாதீங்க."

நர்ஸம்மா சிரித்தாள். அவள் எதற்கும் சிரிப்பாள். "நாம மட்டும் என்னம்மா? கிளம்பிப் போகும்போது 'வரேன்'னுதானே சொல்றோம். அப்பா கொஞ்சம் கூடுதலா மாத்திட்டாரு, அவ்வளவுதான்."

வீட்டில் எல்லோரும் அந்தப் பாஷையைப் படித்துக்கொண்டார்கள். கையையும் காலையும் முறுக்கிப் பயிற்சி கொடுக்க வருகிறவரைப் பார்த்ததும் டிரைவர் மரியாதையாக "வா" என்பார். வந்தவர் குளிர்ந்துபோவார். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். டெய்லரம்மா படியேறி வருவது கேட்டால் அறைக்குள்ளிருந்து "போ! போ!" என்று குரல் பறக்கும். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் அவளை இப்படி ஆசையாகக் கூப்பிட்டதே இல்லை.

அந்தத் திருப்பம் சரியில்லை என்று அவர் சொன்னது சரியாகப் போயிற்று. கையில் அவருடைய துவைத்த துணிகளோடு ஏறியவள் குறுகிய பக்கத்தில் காலை வைத்தாள். விழுந்து எழுந்தபோது முழங்கால் சில்லில் விரிசல். படியே ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். கால் கட்டோடு கூடத்து சோபாவில் படுத்தாள். அவர் மேலே, அவள் கீழே.

ஒரே வீட்டுக்குள் இப்படியும் ஒரு பிரிவு உண்டா என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. ஊருக்கு ஊர் பிரிந்திருந்தவர்கள்தான் அவர்கள். லாரி எடுத்தால் அவர் வர வாரக்கணக்காகும். ஆனால் அது சாலையின் தூரம். இது தொட்டுவிடும் தூரம். மேலே அவர் இருமுவது கேட்கும். சக்கர நாற்காலி உருளுவது கேட்கும். தலைக்கு மேல் நாற்காலி சத்தம் கூடாது என்று இந்த வீட்டுக்கு வந்தவள், அந்தச் சத்தத்துக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். நர்ஸம்மா போனில் முகம் காட்டுவாள். அவருக்குப் போன் பிடிபடவில்லை. இவள் பேசினால் அவர் அந்தச் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துத் தேடுவார். அதைப் பார்க்க மாட்டாமல் இவளே வைத்துவிடுவாள். அதைவிடப் படிக்கட்டின் அடியில் போய் நின்றுகொண்டு மேல்நோக்கிக் கத்துவது மேல். "ஏங்க, சாப்பிட்டீங்களா?" இரண்டு மாடி ஏறிப் போகும் அந்தக் கேள்வி. "போ" என்று இறங்கி வரும் பதில். வர முடியாதே என்று நின்ற இடத்திலேயே நிற்பாள்.

செய்யாத முயற்சி இல்லை. படியில் ஓடும் நாற்காலி பொருத்துகிறவரை மகன் அழைத்து வந்தான். அவர் டேப்பைப் பிடித்து அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "திருப்பத்துல முட்டிக்கும்மா. சுவரைக் குடையலாம்னா அதுல பாதி பக்கத்து வீட்டுக்காரரோடது. அவரு சரின்னாலும் படி சரின்னு சொல்லாது." டிரைவரைக் கீழே கொண்டுவந்து கூடத்தில் கட்டில் போடலாமா என்று பார்த்தார்கள். போட்டால் வாசல் கதவு பாதிதான் திறந்தது. குளிக்க வைக்க வழியில்லை. தினம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்றாள் நர்ஸம்மா.

அவளும் கிளம்ப வேண்டிய நேரம் வந்துகொண்டிருந்தது. அவள் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. மாற்று ஆள் தேடினார்கள். வந்து பார்த்தவர்கள் படிக்கட்டைப் பார்த்ததும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தான். நல்ல பிள்ளை. அதுதான் கஷ்டம். கெட்ட பிள்ளையாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"அம்மா, நல்லது கெட்டது பார்த்துப் பேசுவோம். என் வீட்டுல லிஃப்ட் இருக்கு. எல்லாம் ஒரே தளம். பாத்ரூமுக்குள்ள நாற்காலி நேரா போகும். பார்த்துக்க ஆளும் கிடைச்சாச்சு. அப்பா அங்க வந்துடட்டும்."

"நானும் வரேன்."

"அந்த ஒரு ரூம்தாம்மா இருக்கு. ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டு, ஆள் படுக்க இடம் விட்டா நிறைஞ்சுடும். பசங்க ஏற்கெனவே ஹால்லதான் தூங்குறாங்க. நீ கால் சரியாகுற வரைக்கும் தங்கச்சி வீட்டுல இரு. கொஞ்ச நாள்தான். இந்த வீட்டை வித்துட்டுத் தரைத்தளமா ஒண்ணு பார்த்துடலாம்."

"என்னைத் தூக்கிட்டுப் போய் மேலேயே போட்டுடுங்களேன்டா. அவரும் நானும் அங்கேயே கிடந்துட்டுப் போறோம். கீழ எனக்கு என்ன இருக்கு?"

மகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நர்ஸம்மாவும் இல்லாம? ரெண்டு பேருல யாருக்காவது நெஞ்சு வலிச்சா யாரும்மா இறங்கி வந்து கதவு திறப்பாங்க?"

கொஞ்ச நாள் என்பது எப்படி நீளும் என்று அவளுக்குத் தெரியும். இந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அந்தத் திருப்பத்தில் நிற்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். அதற்குள் அவருக்கு இன்னொரு தடவை வந்துவிட்டால்? கடைசியில் சொன்னாள்: "எதுக்கும் அவரைக் கேளு. அவர் சொல்றபடி செய்யலாம்."

மகன் மேலே ஏறினான். நர்ஸம்மா அப்போது பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். டெய்லரம்மா கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தாள். மகன் கேட்பது கேட்டது. "அப்பா, என் வீட்டுக்குப் போலாமா? அம்மா தங்கச்சி வீட்டுல இருக்கட்டும். என்ன சொல்றீங்க?" பிறகு அவர் குரல், மெதுவாக, கஷ்டப்பட்டு: "வா."

மகன் இறங்கி வந்தான். "'வா'ன்னாரும்மா."

'வா' என்றால் 'போ'. போகலாம் என்கிறார். வகுப்பெடுத்தவள் அவள்தான், வேறு என்ன அர்த்தம் எடுப்பாள்? தன்னை விட்டுவிட்டுப் போகச் சம்மதித்துவிட்டாரே என்று ஆதங்கமாக இருந்தது. குளிக்க, கொள்ள அவருக்கும் வசதி வேண்டாமா என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டாள். "அப்ப சரி," என்றாள்.

அந்த வாரம் முழுக்க மேலேயிருந்து அவர் குரல் அடிக்கடி கேட்டது. "வா... வா... வா..." கூடவே நர்ஸம்மாவின் சிரிப்பு. பாவம், கிளம்பப் போகிறவளை இப்போதே விரட்டுகிறார் என்று கீழே படுத்தபடி டெய்லரம்மாவும் சிரித்தாள்.

கிளம்பும் நாள் காலையில் ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் பட்டை வைத்த நாற்காலியோடு வந்தார்கள். அவள் தலையைச் சீவிக்கொண்டு, நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு, ஊன்றுகோலோடு படிக்கட்டின் அடியில் போய் நின்றுவிட்டாள். எத்தனை வாரம் கழித்து நேரில் பார்க்கப் போகிறாள்! பெண் பார்க்க வந்த அன்றுகூட இப்படிப் படபடத்ததில்லை.

திருப்பத்தில் நாற்காலி சிக்கியது. ஒருவர் தூக்கச் சொல்ல, மற்றவர் சாய்க்கச் சொல்ல, இருவருக்கும் நடுவில் டிரைவர் இடது கையால் இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று காட்டினார். அவர் காட்டியபடி திருப்பினார்கள். வந்துவிட்டது. கீழே இறக்கி அவள் முன்னால் வைத்தார்கள்.

பாதியாகிப் போயிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. பொத்தான்கள் ஒன்றுக்கு ஒன்று மாறி, கழுத்துப் பக்கம் கோணிக்கொண்டு நின்றது. தையல்காரியின் கை சும்மா இருக்குமா? ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, வலிக்க வலிக்கக் குனிந்து, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மேலிருந்து சரியாகப் போட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வேர்வை.

"வா," என்றார்.

அவ்வளவு தெளிவாக இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆம்புலன்ஸ்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"கிளம்புற நேரத்துலயும் உன்னைத்தான் விரட்டுறாரு பாரு," என்று மகன் சிரிக்கப் பார்த்தான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. "உள்ள போய் உட்காரும்மா. கால் வலியோட நிக்காதேங்கிறாரு."

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. லாரி எடுக்கிற காலத்திலும் அப்படித்தான். வாசலில் நிற்காதே, உள்ளே போ என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். "சரிங்க," என்றாள். "நான் உள்ள போறேன். நீங்க போயிட்டு வாங்க."

அவர் தலையை ஆட்டினார். இடது கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. "வா. வா. வா."

இன்னும் நிற்கிறேனே என்று கோபப்படுகிறார், இந்த மனிதருக்கு மூக்கு நுனியில் கோபம். மகன் கையை எடுக்க வந்தான். வேண்டாம் என்று தடுத்துவிட்டு, அந்த விரல்களை அவளே ஒவ்வொன்றாக விடுவித்தாள். விடுவித்து அவர் மடியில் வைத்து, ஒரு தடவை தடவிக்கொடுத்தாள். அவர் சொன்னதைத் தட்டவில்லை என்று அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, திரும்பியே பார்க்காமல், நொண்டி நொண்டி உள்ளே போனாள். வண்டிக் கதவு சாத்தும் வரை அந்த ஒரே வார்த்தை அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

சோபாவில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மகன் வண்டியிலிருந்து பேசினான். "அம்மா, அப்பா அழறாரு. என்ன கேட்டாலும் பேச மாட்டேங்கிறாரு. வாயை இறுக்கி மூடிக்கிட்டாரு. நீ ஒரு வார்த்தை சொல்லு."

"காதுல வை," என்றாள். "ஏங்க, கேக்குதா? நான் உள்ள வந்துட்டேன். உட்கார்ந்துட்டேன். நீங்க சொன்னபடியே செஞ்சுட்டேன். அழாதீங்க."

சாலைச் சத்தம்தான் வந்தது. பிறகு மகன் போனை வாங்கி, அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டான்.

நர்ஸம்மா மேலே தன் சாமான்களைக் கட்டி முடித்துப் பையோடு இறங்கி வந்தாள். முகமெல்லாம் ஆசையாக இருந்தது. "என்னம்மா, சொன்னாரா?"

"என்ன சொன்னாரா?"

"ஐயோ, சொல்லலையா? ஒரு வாரத்துக்கு மேல அந்த ஒரு வார்த்தையைத்தாம்மா பழகினோம். கண்ணாடியைப் பிடிச்சுக் காட்டி, வாயைக் குவிக்காதீங்க, திறங்கன்னு சொல்லிக் கொடுத்து, எத்தனை தடவை! உங்க போட்டோவைக் காட்டி 'வா'ன்னு சொல்லுவாரு. சரியான்னு என் மூஞ்சியைப் பார்ப்பாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எனக்கு சைகை. கீழ இறங்கினதும் அவரே உங்களைச் சரியாக் கூப்பிடணும்னு. கூட்டிட்டுப் போகணும்னு."

டெய்லரம்மா வாசல் கதவைப் பார்த்தாள். அது இன்னும் சாத்தப்படாமல் கிடந்தது.

"சொன்னாரு," என்றாள். "ரொம்பச் சரியாச் சொன்னாரு."

"பார்த்தீங்களா! நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ள போறேன்னு சொன்னேன்."